ரசமட்டம் பார்த்துச் செய்த மேசை

என் கணவர் ஓய்வுபெற்ற மூன்றாவது மாதம் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மஞ்சள் நிறம். பக்கவாட்டில் இருந்த பள்ளியின் பெயரை அழித்திருந்தார்கள். பின்னால் ‘குழந்தைகள் இறங்குகிறார்கள், கவனம்’ என்றிருந்ததை அழிக்க மறந்துவிட்டார்கள். அந்த வேனை வீடாக மாற்றி இந்தியா முழுக்கச் சுற்றப் போகிறோம் என்று அவர் அறிவித்தார். என்னைக் கேட்கவில்லை, அறிவித்தார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். வருகிற உதிரிபாகங்களை அளந்து பார்த்து ‘சரி’, ‘சரியில்லை’ என்று சொல்வதுதான் வேலை. வீட்டிலும் அந்த இரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவர் அதிகம் செலவழித்ததில்லை.

மறுநாள் கோடு போட்ட நோட்டில் வேனின் உட்புறத்தை வரைந்து காட்டினார். கடைசியில் படுக்கை. அதற்கு முன்னால் அடுப்பு. அடுப்புக்கு எதிரே, சுவரோடு மடிகிற மாதிரி ஒரு பலகையும் ஒரு ஸ்டூலும்.

“இது என்னங்க?”

“சாப்பாட்டு மேசை.”

“ஒரு ஸ்டூல்தானே இருக்கு?”

“நீ அடுப்பாண்ட நிப்ப இல்ல?” என்றார். தப்பாக எதுவும் சொல்லிவிட்டதாக அவர் முகத்தில் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தை இங்கே விளக்கியாக வேண்டும். திருமணமாகி முப்பத்து நான்கு வருடம். நானும் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள்தான். அவருக்கு மூன்று ஷிப்ட். எந்த நேரத்துக்கு வந்தாலும் நான் பக்கத்தில் நின்று பரிமாறுவேன், அவர் சாப்பிடுவார், கை கழுவுவார். அதற்குப் பிறகு அடுப்படியில், ஆறிப்போனதை நான் சாப்பிடுவேன். அப்படிச் செய் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. செய்யாதே என்றும் சொன்னதில்லை. வீட்டில் மேசை இல்லையா என்றால், இருக்கிறது, ஆறு நாற்காலிகளோடு. நான் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் “தண்ணி” என்பார். நான் எழுந்துவிடுவேன். எழுந்தால் மோர், அப்பளம், ஊறுகாய் என்று போய்க்கொண்டே இருக்கும். திரும்ப உட்கார மாட்டேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, என் காலுக்கு அப்படிப் பழகிவிட்டது.

ஒரு தடவை மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனபோது ரயிலில் ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது, ஒரு படுக்கைக்கு இரண்டு பேர். முன்பின் தெரியாத ஓர் அம்மாளும் நானும் ஒரே இருக்கையில், முட்டிக்கு முட்டி எதிரெதிரே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எழுந்து நிற்க இடமே இல்லை. அந்த அம்மாள் சாப்பிடுகிற வேகத்துக்கு நானும் சாப்பிட்டேன், ஊறுகாயைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். யாரோ ஒருத்தியோடு முடிந்தது கட்டின கணவரோடு முடியவில்லையே என்று அன்றைக்கே உறைத்தது. ஒரே ஒரு தடவை அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிடும்போதே நானும் சாப்பிட வேண்டும். எனக்குக் காசியும் வேண்டாம், காஷ்மீரும் வேண்டாம்.

“எதிரும் புதிருமா ரெண்டு பெஞ்ச், நடுவுல மேசை. அது இருந்தா வர்றேன். இல்லாட்டி நீங்க மட்டும் போய்ட்டு வாங்க,” என்றேன். தனியாகப் போனால் யார் சமைப்பது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

பக்கத்தில் பாடி என்ற ஊரில் மாடுலர் கிச்சன் செய்கிற ஒருவரைப் பிடித்தோம். இருபது வருடமாக அடுக்கு மாடி வீடுகளுக்குச் சமையலறை செய்கிறவர். வேன் வேலை இதுதான் முதல் தடவை. உள்ளே ஏறி நாலாபக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, “மேசைய எறக்கினா பெட்டு ஆவுற மாதிரி பண்லாம்மா, எல்லாரும் அப்டிதான் கேக்குறாங்கோ,” என்றார்.

“வேணாம். மேசை அசையக் கூடாது. எப்பவும் மேசையா மட்டும்தான் இருக்கணும்.”

“சரி. பக்கத்துல நின்னுகினு சோறு போட எடம் எவ்ளோ உடணும்?”

“எடமே உடக் கூடாது.”

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். “இன்னாம்மா நீ? இத்தினி வருசத்துல எடம் பத்தலன்னு சண்ட போட்டவங்களதான் பாத்துகிறேன்.”

மேசைக்குப் பக்கத்தில் இருந்த வழியில் ஓர் அலமாரியை வைக்கச் சொன்னேன். ஒருக்களித்து நடந்தால் ஓர் ஆள் போகலாம். கையில் பாத்திரத்தோடு நின்று குனிய முடியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

பெஞ்சுக்குத் தண்ணீரில் ஊறாத மரைன் பிளைவுட், அதன் மேல் ஒட்டத் தேக்கு நிற மைக்கா என்று முடிவானது. கணவர் மைக்கா புத்தகத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் நகத்தால் கீறிப் பார்த்து, கடைசியில் முதல் பக்கத்தில் இருந்ததையே எடுத்தார். மேசைக்கு மைக்கா வேண்டாம் என்றார் பாடிக்காரர். ஓரத்தில் தண்ணீர் இறங்கி உப்பிக்கொள்ளுமாம். சாலிட் சர்ஃபேஸ் என்று ஒரு பலகை இருக்கிறது, கல்லையும் பிசினையும் கலந்து வார்த்தது. மரம் மாதிரி அறுக்கலாம். இரண்டு துண்டை ஒட்டித் தேய்த்துவிட்டால் ஒட்டு இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்டதைத் தேர்ந்தெடுத்தேன். தயிர்சாதத்தில் கடுகு தாளித்துக் கொட்டின மாதிரி இருந்தது. வண்டி ஓடும்போது சாமான் விழாமல் இருக்க நான்கு பக்கமும் அரை இஞ்ச் உயரத்துக்கு வரப்பு கட்டினார். மேசையின் மேல்பலகை, அதன் கால்கள், பக்கத்துச் சுவர்ப் பலகை எல்லாவற்றையும் ஒரே பொருளில் செய்து ஒட்டி ஒரே உடம்பாக்கினார்.

இங்கே எங்கள் வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயனம்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டியபோது வீடு தெருவைவிட உயரம். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, இப்போது தெரு வீட்டைவிட உயரம். எல்லா வீட்டு வாசலிலும் தெருவுக்கு ஏற ஒரு சிமெண்டுச் சரிவு உண்டு. எங்கள் வேனின் பின்சக்கரம் கேட்டுக்கு உள்ளேயும் முன்சக்கரம் சரிவின் மேலும் இருக்கும். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருப்போம். தெருவில் எல்லா வண்டிகளும் அப்படித்தான் நிற்கின்றன. அதனால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

பாடிக்காரர் வேனுக்குள் அளவெடுக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “சொவுரு வளைஞ்சி கீது, கூர வளைஞ்சி கீது. ஒரு நேர்கோடு இல்ல சார் இந்த வண்டில. எத நம்பி நான் வேல செய்றது?” பிறகு பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழ், அது நடுவில் நின்றால் மட்டம் சரி. “இது பொய் சொல்லாது,” என்றார்.

என் கணவரின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே ஓடிப்போய்த் தன்னுடைய ரசமட்டத்தை எடுத்துவந்தார். இரண்டையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தார்கள். இரண்டு குமிழும் நடுவில் நின்றன. இரண்டு பேரும் சம்பந்தம் பேசி முடித்தவர்கள் மாதிரி கை குலுக்கிக்கொண்டார்கள். பெஞ்சுகளுக்கும் அப்படியே மட்டம் பார்த்தார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். மேசையின் முன்பக்கக் கால் பின்பக்கக் காலைவிட இரண்டு இஞ்ச் குட்டையாக இருந்தது. கேட்டேன்.

“வண்டி தரை கோணல்மா. பழய வண்டி இல்லயா, ஒரு பக்கம் எறங்கிகீது,” என்றார் பாடிக்காரர்.

“சரி,” என்றார் என் கணவர். அவர் ‘சரி’ சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வண்டி கோணலா, வாசல் கோணலா என்று எனக்கும் தோன்றவில்லை. இதில் நான் மட்டும் புத்திசாலி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் வேனை மந்திரிப்பதற்காக எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டோம். அவர் ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “இது வீடா, வண்டியா? ரெண்டுக்கும் வேற வேற ஜெபம்,” என்றார். கணவர் வண்டி என்றார், நான் வீடு என்றேன். சாமியார் பெருமூச்சு விட்டு இரண்டையும் சொல்லித் தீர்த்தத்தைத் தெளித்தார். மேசை மேல் விழுந்த துளிகள் விழுந்த இடத்திலேயே நின்றன. வாசலில் நிற்கும் வரை அந்த மேசை அவ்வளவு ஒழுங்கு. ஆனால் அதில் நான் ஒரு வாய் காபி கூடக் குடித்துப் பார்க்கவில்லை. பெஞ்சு மைக்கா மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பயண நாள் வரை உரிக்கக் கூடாது, மேலே உட்காரவும் கூடாது என்று கணவரின் உத்தரவு.

முதல் பயணம் ஏலகிரிக்கு. விடியற்காலையிலேயே எழுந்து சமைத்தேன். சோறு, அவருக்கு வஞ்சிர மீன் குழம்பு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல். எல்லாவற்றையும் சூடு ஆறாத பாத்திரங்களில் அடைத்தேன். தட்டு கழுவத் தண்ணீர் செலவாகும் என்று வாழையிலை எடுத்துவைக்கச் சொன்னார். கிளம்பவே பதினொன்றரை ஆகிவிட்டது. பூந்தமல்லியைத் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. பசி என்று பொய் சொல்லி, ஒரு பெட்ரோல் பங்க்கின் அகலமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தவைத்தேன்.

ஆம்பிளை வண்டி போகிற திசையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று அவர் பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ரெக்சின் மெத்தையில் வழுக்கிக்கொண்டு வந்து மேசையில் வயிறு இடிக்க நின்றார். நான் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் முதுகு தானாகப் பின்னால் சாய்ந்துகொண்டது. எனக்கு ரொம்பச் சுகமாக இருந்தது. எதிரெதிரே இலைகளைப் போட்டேன். அவர் வழக்கம்போலத் தன் இலையில் தண்ணீரைத் தெளித்தார். அந்தத் தண்ணீர் இலையை விட்டிறங்கி, மேசையைக் கடந்து, என் இலைக்கு அடியில் புகுந்து, வரப்பில் முட்டி நின்றது. பின்னாலேயே அவருடைய டம்ளரும் மெல்ல நகர்ந்து வந்தது.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரசமட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். குமிழ் ஓடிப்போய் அவர் பக்கத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “தரை சரியில்ல,” என்றார்.

வழுக்கி இறங்கி வெளியே போய் பங்க் ஊழியரிடம், “உங்க தரை கோணலா இருக்குப்பா,” என்று புகார் சொன்னார்.

“இன்னா சார் சொல்ற? மழ பேஞ்சா ஒரு சொட்டு தண்ணி எந்தப் பக்கமும் ஓடாது, அப்டியே தேங்கி நிக்கும். அவ்ளோ சமம்,” என்றார் அவர்.

என் கணவர் பாடிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பாடிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “சார், உங்க ஊட்டாண்ட வண்டி எப்டி நிக்கும்?” என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. “ஒட்டினத இனிமே பிரிச்சா ஒடஞ்சிடும் சார். ஒண்ணு பண்ணு, எங்க நிறுத்துனாலும் மூக்கத் தூக்கி நிறுத்து. மேசைல தப்பே இல்ல.”

“அதான! மேசை சரி,” என்றார் என் கணவர், என்னைப் பார்த்து.

“சாப்பிட்டுட்டுப் போலாங்க. சூடு ஆறுது.”

“சோதனையில தேறாததுல ஒக்காந்து சாப்டக் கூடாது.”

அப்படி ஆரம்பித்தது எங்கள் இந்தியச் சுற்றுப்பயணம். ஏலகிரி மறந்துபோயிற்று. சாப்பிடுவதற்கு ஏற்ற மேட்டைத் தேடி வந்த பக்கமே திரும்பினோம். ஒரு வேகத்தடையில் முன்சக்கரத்தை ஏற்றி, பிரேக்கில் கால் வைத்தபடியே மேசை மேல் இருந்த ரசமட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். போதவில்லை, பின்னால் பேருந்துக்காரர் வேறு என்னவோ சொன்னார். ஒரு கல்யாண மண்டபத்துச் சரிவில் ஏற்றினார். குமிழ் அந்தப் பக்கம் தாண்டிவிட்டது. காவலாளி ஓடிவந்து, “பொண்ணு ஊட்டு வேனா, பையன் ஊட்டு வேனா?” என்று கேட்டார். இறக்க மனமில்லாமல் என் கணவர், “ரெண்டும்தான்,” என்று சொல்லி இரண்டு நிமிடம் சம்பாதித்தார். ஒரு கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தியபோது எனக்கு மட்டமாகத்தான் தெரிந்தது. “இன்னும் அரைக் கோடு இருக்கு. சரியில்ல,” என்று கிளப்பிவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் நான் இலைகளை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தேன். மணி இரண்டரை.

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலைக்கு ஏறுகிற இணைப்புச் சாலையில்தான் கடைசியாகக் கிடைத்தது. குமிழ் நட்ட நடுவில் நின்றது. “சரி!” என்றார். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். நான் இலைகளை விரித்துப் பாத்திரங்களை எடுத்து வைத்தேன். அவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்தார். வண்டி பின்னால் நகர்ந்தது. உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார், நின்றது. மறுபடி எழுந்தார், மறுபடி நகர்ந்தது. கைப்பிரேக் பிடிக்கவில்லை. முட்டுக் கொடுக்கிற செங்கல் இரண்டும் வீட்டு வாசலிலேயே இருந்தன. ரோட்டோரத்தில் கல் தேடினேன். எங்கே பார்த்தாலும் குப்பை கிடக்கிற எங்கள் பக்கத்தில், அந்தச் சாலையை மட்டும் அன்றைக்குப் பார்த்துச் சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தார்கள்.

அவர் பிரேக்கில் கால் வைத்தபடியே திரும்பாமல் சொன்னார்: “பரவால்ல. நீ எடுத்துனு வந்து இங்கயே குடுத்துடேன்.”

நான் கொடுத்தேன். அதுதான் எனக்கே இன்னும் தாங்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தின் மூடியில் சோற்றைப் போட்டு, ஒருக்களித்து நடந்து, அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் பின்னால் என் மேசை, உலகத்திலேயே மட்டமான மேசை, காலியாக நின்றது. மூடியை வாங்கிக்கொண்டவர், “தண்ணி?” என்றார்.

மூடியை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். “முப்பத்து நாலு வருஷமா நின்னுட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு வேளை, உங்க எதிர்ல உக்காந்து சாப்பிடணும்னுதான் இந்த மேசையைக் கேட்டேன். ஊர் சுத்த இல்ல. மேசை மட்டமா இருந்தா என்ன, கவுந்து இருந்தா என்ன? வண்டிய இறக்குங்க,” என்றேன்.

அவர் வண்டியை இறக்கி, ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு வெறும் மைதானத்தில் நிறுத்தினார். சமதரை. வந்து தன் பெஞ்சில் உட்கார்ந்து, வழுக்கி, மேசையில் வயிற்றை முட்டுக் கொடுத்துக்கொண்டார். நான் சாய்ந்து உட்கார்ந்தேன். பாத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக என் பக்கம் வந்து சேர்ந்தன. அதனால் எழுந்திருக்காமலே இரண்டு இலைக்கும் பரிமாற முடிந்தது. அவருக்குச் சோறும் மீன் குழம்பும். எனக்குச் சோறும் ரசமும். எதுவும் சூடாக இல்லை. ஆனாலும் நாங்கள் ஒரே நேரத்தில் முதல் வாயை எடுத்து வைத்தோம்.

அவர் இலையில் ஊற்றிய குழம்பு நிற்கவில்லை. இலையின் நரம்போடு இறங்கி, மேசையைக் கடந்து என்னிடம் வந்தது. நான் சோற்றை ஒதுக்கி, இலையை நகர்த்தி, குழம்பு படாமல் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“உன் பக்கந்தான் வருது. பிசைஞ்சு சாப்டேன்,” என்றார்.

“வேணாங்க.”

“ஏன், நல்லாத்தான இருக்கு?”

“நான் மீன் சாப்பிட மாட்டேன்.”

“எப்பலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்து.”

மகளுக்குத் தெரியும். எதிர்வீட்டில் தெரியும். என் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவருக்குக் கூடத் தெரியும். அவர் கையில் எடுத்த மீன் துண்டை வாயில் வைக்காமல் என் இலையைப் பார்த்தார். வாரத்தில் மூன்று நாள் மீன் வாங்கிவருகிறவர் அவர்தான். நல்ல துண்டாகப் பார்த்து எனக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்.

“அப்ப நான் சாப்ட்டப்பறம் நீ இன்னாதான் சாப்டுவ?”

“ரசம். நீங்க படுக்கப் போயிருப்பீங்க.”

அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். எங்கே போவதற்கு என்று தெரியவில்லை. பெஞ்ச் முன்னால் தள்ளியது, மேசை விடவில்லை, பக்கத்தில் அலமாரி. திரும்பவும் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, கூச்சமாக இருக்கும். அன்றைக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அவசரப்படவில்லை. இன்னொரு தடவை ரசம் ஊற்றிக்கொண்டு, மெதுவாகச் சாப்பிட்டேன்.